ஆழ்ந்த ஈடுபாடும் அகமகிழ்வும்

வாசிப்பும் கருத்துணர்தலும்

வாசிக்கும் முன் சிந்தித்திடுக

• நேரம் போவதே தெரியாமல் நீங்கள் செய்யும் செயல் எது?
• அச்செயலை ஒரு மாதத்திற்குச் செய்யக்கூடாது என்று பிறர் தடுத்தால் உங்கள் மனநிலை எவ்வாறு இருக்கும்?

பின்வரும் பகுதியை வாசித்திடுக.

ஒவ்வொருவருக்கும் மனத்திற்குப் பிடித்த ஒன்று உண்டு. சிலர் காற்பந்து விளையாட்டில் ஆர்வம் காட்டுவர். சிலர் பாட்டுக் கேட்பதில் மகிழ்வர். சிலர் பூச்செடி வளர்ப்பர். நம்மில் பலருக்கு இது பொழுதுபோக்காக அமைகிறது. நேரம் கிடைத்தால் செய்வோம், கிடைக்காவிட்டால் மறந்துவிடுவோம். ஆட்டிசம் உடையோர் பலருக்கோ அது பொழுதுபோக்கைக் காட்டிலும் மிக ஆழமானது. இரயில், விண்மீன், வரைபடம், இசை, எண்கள், விலங்குகள் என ஏதேனும் ஒன்றில் அவர்கள் கண்ணும் கருத்துமாக மூழ்கிவிடுவர். அதைப் பற்றிப் பெரியவர்களும் வியக்கும் அளவுக்குத் தகவல் தெரிந்து வைத்திருப்பர். இதனையே ‘ஆழ்ந்த ஈடுபாடு’ என்கிறோம். இவ்வீடுபாடு தடுக்க வேண்டிய பழக்கமா? அல்லது துணைநின்று வளர்க்க வேண்டிய வலிமையா? இக்கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் ஒரு தொற்றுநோய் அன்று. வளர்ப்பு முறையில் ஏற்பட்ட தவற்றால் வருவதும் அன்று. மூளையின் வளர்ச்சி சிலருக்குப் பிறப்பிலேயே வேறுபட்ட முறையில் அமைகிறது. அதனால் அவர்கள் உலகை உணரும் விதமும் பிறரோடு பழகும் விதமும் மாறுபடுகின்றன. தமிழில் இதனை ‘மதியிறுக்கம்’ என்றும் குறிப்பிடுவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் 127 பேருள் ஒருவர் ஆட்டிசம் உடையவராக இருந்தார். ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானப்படி 2008ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஆட்டிசம் உடையோர் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் பேசுவதே இல்லை. சிலர் தனித்து வாழும் திறன் பெற்றிருப்பர். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் பிறர் துணை தேவைப்படும். ஆயினும், அவர்களுள் பலரிடம் காணப்படும் பொதுத்தன்மைகள் சில உள்ளன. எதிர்பாராத மாற்றங்கள் அவர்களைக் கலங்கச் செய்கின்றன. உரத்த ஒலி, கண்ணைக் கூசும் விளக்கு, கூட்ட நெரிசல் ஆகியவை அவர்களுடைய புலன்களுக்குத் தாங்க முடியாத சுமையாகலாம். இவற்றோடு, ஒரு சில துறைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொள்வதும் அவர்களிடம் காணப்படும் முக்கியப் பண்பாகும்.

கிணறும் சோள வயலும்

ஆழ்ந்த ஈடுபாட்டின் பயனை ஆட்டிசத்தின் வரலாற்றுத் தொடக்கத்திலேயே காணலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கன்னர் எனும் மருத்துவர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஆட்டிசத்தை மருத்துவ உலகம் அறிந்துகொள்ள அக்கட்டுரை வழிவகுத்தது. அதில் முதலாவதாகக் குறிப்பிடப்பட்ட சிறுவர், மிசிசிப்பி மாநிலத்தில் 1933ஆம் ஆண்டில் பிறந்த டோனல்ட் டிரிப்லெட்.

டோனல்டுக்கு எண்களின் மீதும் அளவுகளின் மீதும் தீராத நாட்டம். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பார். எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணுவார். அவருடைய பெற்றோர் அவரைச் சில காலம் ஒரு விவசாயத் தம்பதியர் வீட்டில் தங்க வைத்தனர். அத்தம்பதியர் மருத்துவம் கற்றவர்கள் அல்லர். ஆயினும், சிறுவனின் போக்கை அவர்கள் கூர்ந்து கவனித்தனர். ‘அளக்காதே, எண்ணாதே’ என்று அவர்கள் தடுக்கவில்லை. அளப்பதில் ஆசை கொண்ட சிறுவனைக் கிணறு தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து சொல்லும்படி கேட்டனர். சோளப் பயிரின் வரிசைகளை அவன் ஓயாமல் எண்ணியபோது, ஏர் உழுதுகொண்டே எண்ணும்படி செய்தனர். எண்ணிக்கையும் நடந்தது, உழவும் நடந்தது. அங்குச் சென்று பார்த்த கன்னர், சிறுவனிடம் ஏற்பட்ட முன்னேற்றத்தைக் கண்டு வியந்தார்.

டோனல்ட் பின்னர்க் கல்லூரியில் பிரெஞ்சு மொழி பயின்று பட்டம் பெற்றார். சொந்த ஊரில் இருந்த வங்கியில் நெடுங்காலம் பணியாற்றினார். கோல்ஃப் விளையாடினார், பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 2023ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அவருடைய ஈடுபாட்டை அத்தம்பதியர் அழிக்கவில்லை. அதற்கு ஒரு பயனுள்ள இடத்தைத் தேடிக் கொடுத்தனர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இப்பாடத்தின் சாரமாகும்.

ஈடுபாடு எவ்வாறு நலம் தருகிறது?

முதலாவதாக, ஈடுபாடு மனத்திற்கு அமைதி தருகிறது. பள்ளியில் மணி ஒலிக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் கூச்சல் எழுகிறது. ஆசிரியர் திடீரென வகுப்பறையை மாற்றுகிறார். ஆட்டிசம் உடைய மாணவருக்கு அந்நாள் முழுவதும் போராட்டமாகவே கழியக்கூடும். வீடு திரும்பியதும் தமக்குப் பிடித்த இரயில் கால அட்டவணையை அவர் விரிக்கிறார். அதில் எல்லாம் ஒழுங்காக உள்ளன. அடுத்து என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒழுங்கில் அவர் மனம் இளைப்பாறுகிறது. அதனைப் பிடுங்கிவிட்டால், அவர் ஒதுங்கி நிற்க இருந்த ஒரே நிழலையும் பறித்ததாகிவிடும்.

இரண்டாவதாக, ஈடுபாடு அவர்களுடைய கவனத்தின் இயல்போடு பொருந்துகிறது. டைனா மரே, வென் லாசன், மைக் லெசர் ஆகிய மூவரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கினர். பலரின் கவனம் ஒரே வேளையில் பல பொருள்களின் மீது சிறிது சிறிதாகப் பரவுகிறது. ஆட்டிசம் உடையோரின் கவனமோ ஒன்றன் மீது முழுமையாகக் குவிகிறது. இதனை ‘ஒருமுகக் கவனம்’ எனலாம். விருப்பமான துறையில் ஈடுபடும்போது இக்கவனம் பெரும் பலமாக மாறுகிறது. அவ்வேளையில் திடீரென அழைத்து வேறு வேலைக்கு மாற்றினால் அவர்கள் தடுமாறுவதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவதாக, ஈடுபாடு தன்னம்பிக்கையை வளர்க்கிறது. ‘உனக்கு இது வராது’ என்று பலமுறை கேட்டுப் பழகிய ஒருவர், ‘இதைப் பற்றி நீ சொல், நாங்கள் கேட்கிறோம்’ என்ற சொற்களைக் கேட்கும்போது நிமிர்ந்து நிற்கிறார்.

இவற்றை ஆய்வும் உறுதிப்படுத்துகிறது. ஆட்டிசம் உடைய 687 பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகளை, ரேச்சல் குரோவ் எனும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆய்வில் பங்கேற்றோருள் மூன்றில் இரண்டு பங்கினர் தமக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு எனக் கூறினர். கணினி, இசை, இயற்கை, தோட்டக்கலை முதலியவை அவர்கள் குறிப்பிட்ட துறைகளுள் சில. இத்தகைய ஈடுபாடு மனநிறைவோடு தொடர்புடையது என்றும், சமூக உறவு, ஓய்வுநேரம் ஆகியவற்றில் திருப்தியோடு தொடர்புடையது என்றும் அவ்வாய்வு காட்டியது. அதே வேளையில், ஈடுபாட்டின் தீவிரம் மிக அதிகமாக இருந்தோரிடம் மனநலம் குறைந்து காணப்பட்டதையும் அது சுட்டியது. ஆகவே, ஈடுபாடு நன்று; அளவறிந்த ஈடுபாடு மிக நன்று.

தாளும் தூரிகையும்

நம் நாட்டில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையும் இதற்குச் சான்றாகும். இயாக் பிங் லியான் 1993ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே அவருக்கு ஆட்டிசம் இருப்பது கண்டறியப்பட்டது. பென்சிலைச் சரியாகப் பிடிக்கவும் அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவருடைய தாயார் மனம் தளரவில்லை. கோட்டின் மீது கோடு வரைதல், வண்ணம் தீட்டுதல் ஆகிய பயிற்சிகளைப் பொறுமையுடன் அளித்தார். எழுதப் பழக்கும் நோக்கத்தில் தொடங்கிய அப்பயிற்சி, ஏறக்குறைய எட்டு வயதில் ஓவியத்தின் மீது பெருவிருப்பமாக மலர்ந்தது. பின்னர்க் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் குடிபெயர்ந்த பிங் லியான், புகழ்பெற்ற கட்டடங்களை வரையும் ஓவியராக அறியப்பட்டார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் வில்ட்ஷயரின் வாழ்க்கையில் ஈடுபாடு மொழிக்கே வழி திறந்தது. 1974ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்த அவர் சிறு வயதில் பேசவில்லை. ஆனால், ஓயாமல் ஓவியம் வரைந்தார். அவரைப் பேச வைக்க விரும்பிய ஆசிரியர்கள் வரைபொருள்களைச் சிறிது நேரம் எடுத்து வைத்தனர். அப்போது அவர் உச்சரித்த முதல் சொல் ‘தாள்’ என்பதாகும். பிடித்த பொருளை எடுத்து வைக்கும் முறையை இன்று பலர் ஏற்பதில்லை. ஆயினும், ஒருவரைப் பேசத் தூண்டும் ஆற்றல் அவருடைய ஈடுபாட்டுக்கு உண்டு என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. அதே வில்ட்ஷயர் 2014ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தார். ஹெலிகாப்டரில் ஒரு மணி நேரம் பறந்து நகரைப் பார்த்தார். பின்னர் நினைவிலிருந்தே, 4 மீட்டர் நீளமுள்ள ஓவியத்தில் அந்நகரை ஐந்து நாள்களில் வரைந்து முடித்தார்.

இவர்களைப் பற்றிப் படிக்கும்போது ஒன்றை மறத்தல் ஆகாது. ஆட்டிசம் உடையோர் அனைவரும் இத்தகைய அரிய ஆற்றல் படைத்தவர்கள் அல்லர். ஈடுபாடு பரிசு பெற்றுத் தர வேண்டியதில்லை. பணம் ஈட்டித் தர வேண்டியதும் இல்லை. ஒரு சிறுமி நாள்தோறும் மாலையில் தன் கிளிஞ்சல்களை நிற வரிசைப்படி அடுக்கி மகிழ்கிறாள் என்றால், அம்மகிழ்ச்சியே போதுமான பயன்.

தண்டவாளத்தில் தொடங்கும் பாடம்

இனி, நம் வட்டாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். கிள்ளானை அடுத்த மேருவில் வாழும் மாணவன் ஒருவனுக்கு இரயில் என்றால் உயிர். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் செல்லும் கொமுட்டர் வழித்தடத்தை அவன் ஒப்பிப்பான்: புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா... ஒரு நிலையமும் தவறாது. ஆனால், கணிதப் பயிற்சி நூலைத் திறந்தால் முகம் திருப்பிக்கொள்வான். வரலாற்றுப் பாடமோ அவனுக்கு எட்டிக்காய்.

இம்மாணவனுக்கு எவ்வாறு உதவலாம்? இரயில் கால அட்டவணையை அவன் கையில் கொடுத்துப் பயண நேரத்தைக் கணக்கிடச் சொல்லலாம், அது கணிதம். நிலையங்களை வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம், அது புவியியல். பேருந்து ஏறிக் கிள்ளான் நிலையம் சென்று, பயணச்சீட்டு வாங்கி, வரிசையில் காத்திருக்கப் பழக்கலாம்; அது வாழ்க்கைத் திறன்.

வரலாறும் அத்தண்டவாளத்திலேயே இருக்கிறது. சிலாங்கூரின் முதல் இரயில் பாதை 1886ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. அது கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றோரம் இருந்த புக்கிட் கூடாவையும் இணைத்தது. ஆற்றின் குறுக்கே பாலம் அமைந்த பின்னர், 1890ஆம் ஆண்டில் அப்பாதை கிள்ளான் வரை நீண்டது. இரயில்வேயில் உழைக்கத் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழர் பலர் வந்தனர். அவர்களுள் பலர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவ்விடத்தின் அருகில்தான் இன்று கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. இரயிலை நேசிக்கும் அம்மாணவன் இக்கதையைக் கேட்க மறுப்பானா? அவன் அறிந்த நிலையத்தின் வழியாகவே, அவன் அறியாத முன்னோரின் உழைப்பு அவன் மனத்தை எட்டும்.

இத்தகைய முயற்சிகள் வேறு நாடுகளிலும் நடைபெறுகின்றன. நியூயார்க் நகரின் போக்குவரத்து அருங்காட்சியகம், இரயிலில் ஈடுபாடு கொண்ட ஆட்டிசச் சிறுவர்களுக்காகப் பள்ளி நேரத்திற்குப் பிந்திய நடவடிக்கையை நடத்தி வருகிறது. அவர்கள் இரயிலைப் பற்றிய புதிர்களைக் கூட்டாக விடுவிக்கின்றனர். உளவியலாளர் டேனியல் லெகோஃப், லெகோ கட்டைகளைப் பயன்படுத்தும் குழு முறையைப் பற்றி 2004ஆம் ஆண்டில் எழுதினார். இம்முறையில் ஒருவர் பொறியாளராக வரைபடத்தைப் பார்த்து விளக்குவார், ஒருவர் கட்டைகளைத் தேடித் தருவார், மற்றொருவர் கட்டுவார். மூவரும் பேசிக்கொள்ளாமல் வேலை முடியாது. ‘நண்பனோடு பேசு’ என்ற கட்டளையால் நடக்காதது, இருவருக்கும் பிடித்த ஒரு பொருளால் நடந்துவிடுகிறது.

நெறிப்படுத்தலும் தேவை

ஈடுபாட்டை மதிப்பது என்பது எல்லை இன்றி விட்டுவிடுவது அன்று. தூக்கம் கெடுகிறதா? உணவு மறந்து போகிறதா? தமக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டா? இவற்றைப் பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டும். ஈடுபாட்டிற்கெனத் தினமும் உறுதியான நேரம் ஒதுக்கலாம். முடிக்கும் நேரத்தைப் பத்து நிமிடத்திற்கு முன்பே தெரிவிக்கலாம். செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டலாம். வழக்கத்தைவிட அளவுக்கு மீறி ஒன்றில் மூழ்கினால், அதற்குப் பின்னால் அச்சமோ, கேலியோ, சோர்வோ இருக்கக்கூடும். அவ்வேளையில் ஈடுபாட்டைக் கண்டிப்பதைவிட, காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், மாற்றுத்திறனாளிகள் கல்வி பெறும் உரிமையை ஏற்கிறது. பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்ட வகுப்புகள் நடைபெறுகின்றன. 1980களில் பெற்றோரும் துறைவல்லுநர்களும் இணைந்து தொடங்கிய மலேசிய தேசிய ஆட்டிசச் சங்கம் பயிற்சியும் ஆதரவும் வழங்கி வருகிறது. எனினும், சட்டமும் திட்டமும் பள்ளி வாசல் வரை அழைத்து வரும். வகுப்பறையில் அருகில் அமர்ந்து பேசுபவர்கள் சக மாணவர்களாகிய நீங்களே.

ஆகவே, மாணவர்களே, உங்கள் பள்ளியில் ஒருவர் ஒரே பொருளைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசினால் எள்ளி நகையாடாதீர்கள். சிறிது நேரம் செவிமடுங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். நேரம் இல்லையெனில், ‘இப்போது எனக்கு வேலை இருக்கிறது, ஓய்வு நேரத்தில் கேட்கிறேன்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள், சொன்னபடி வந்து கேளுங்கள். குறிப்பாகப் பேசினால் அவர்களுக்குப் புரியாமல் போகலாம். நேராகச் சொன்னால் புரியும். புறப்பாட நடவடிக்கையிலும் குழுப் பணியிலும் அவர்களுடைய ஈடுபாட்டிற்கு ஏற்ற பொறுப்பைக் கொடுங்கள். ஒருவர் விரும்பும் பொருளை நாமும் விரும்ப வேண்டும் என்பதில்லை. அதனை அவர் விரும்புகிறார் என்பதை மதித்தாலே போதும். நட்பு அங்கிருந்து வளரத் தொடங்கும்.

அருஞ்சொற்பொருள்

ஈடுபாடு – ஒன்றில் மனம் ஒன்றி நிற்றல்
நாட்டம் – விருப்பம்
புலன் – பார்த்தல், கேட்டல் முதலிய உணரும் ஆற்றல்
இளைப்பாறுதல் – களைப்பு நீங்குதல்
சாரம் – மையக் கருத்து
எட்டிக்காய் – இங்கு, வெறுப்பைத் தரும் ஒன்று
எள்ளி நகையாடுதல் – இகழ்ந்து சிரித்தல்
நெறிப்படுத்துதல் – சரியான வழியில் செலுத்துதல்

கருத்துணர் கேள்விகள்

1. பொழுதுபோக்கிற்கும் ஆழ்ந்த ஈடுபாட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஆட்டிசம் உடையோரிடம் காணப்படும் பொதுத்தன்மைகள் இரண்டனைக் குறிப்பிடுக.
3. டோனல்டின் ஈடுபாட்டை விவசாயத் தம்பதியர் எவ்வாறு பயனுள்ளதாக மாற்றினர்?
4. ஆழ்ந்த ஈடுபாடு நலம் தரும் வழிகள் மூன்றனை விளக்குக.
5. ‘ஈடுபாடு நன்று, அளவறிந்த ஈடுபாடு மிக நன்று.’ இக்கூற்றுக்கு ஆய்வு தரும் ஆதாரம் யாது?
6. ‘கண்ணும் கருத்தும்’ எனும் இணைமொழியின் பொருளை எழுதி, அதனைப் பயன்படுத்தி ஒரு வாக்கியம் அமைத்திடுக.

சிந்தித்துக் கூறுக

7. ‘இரயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தேர்வில் எப்படித் தேறுவாய்?’ என்று ஒரு தந்தை தம் மகனைக் கண்டிக்கிறார். அத்தந்தையிடம் நீர் என்ன கூறுவீர்? மூன்று கருத்துகளுடன் விளக்குக.

நடவடிக்கை

8. நால்வர் கொண்ட குழுவாக அமர்க. விண்மீன், பறவை, சமையல், பேருந்து ஆகியவற்றுள் ஒன்றனைத் தேர்ந்தெடுக்க. அதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஒரு மாணவருக்குக் கணிதம், வரலாறு, மொழி ஆகிய பாடங்களை எவ்வாறு சுவையாகக் கற்பிக்கலாம் என்பதை மனவோட்டவரையில் குறித்து வகுப்பில் படைத்திடுக.